எட்டுச் செக்கன் ஆட்டம்

விளக்கமறியல், யாழ்ப்பாணம்
02.09.2024

தங்கச்சி நிலாந்திக்கு,

அம்மா நேற்று வந்து பார்த்துவிட்டுப் போனா. நீ வரவில்லை. போன கிழமையும் வரவில்லை. இங்கே போன் இல்லை. அதனால் பள்ளிக்கூடம் விட்ட பிறகு முதல் தடவையாகப் பேனை பிடித்திருக்கிறேன். எழுத்துப் பிழை பார்க்காதே. போகிற கடிதத்தையும் வருகிற கடிதத்தையும் திறந்து பார்த்துத்தான் விடுவார்கள். அதை மனதில் வைத்துக்கொள்.

நீ கலியாண பஸ்ஸில் பின்னால் வந்தாய். காருக்குள் நடந்தது உனக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்து மண்டபத்தில் பொம்பிளை மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு நாரந்தனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பண்ணை வீதியில் பொழுது படுகிற நேரம். முன்னால் போன வீடியோக்காரரின் வான், ட்ரோனை ஏற்றுவதற்காகச் சட்டென்று நின்றது. நான் பிறேக்கை மிதித்தேன். அறுபது எழுபது வருசத்து ஒஸ்ரின் கார், ஆனாலும் நின்றுவிட்டது. பிறகுதான் பின்னால் அந்தச் சத்தம்.

இறங்கிப் பார்த்தால் ஸ்கூட்டி பம்பருக்குக் கீழே கிடந்தது. சுருவிலில் இருக்கிற தாரிகா. கண்ணாடிக் கடை வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிள்ளை. தாய் இராசேஸ்வரி அக்காவுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஆட்டோ ஒன்றை மறித்து, அவளை மடியில் வைத்துக்கொண்டு ஆசுப்பத்திரிக்கு ஓடினேன். "அண்ணை, அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பண்ணைப் பாலம் தாண்ட முதலே அவளுடைய கை குளிர்ந்துவிட்டது.

ஆசுப்பத்திரியில் இருந்து நானாகத்தான் பொலிசுக்குப் போனேன். மற்ற நாள் காரைப் பரிசோதித்தவர்கள் டிக்கிக்குள் நாலு வயர் புதிதாக வெட்டப்பட்டிருக்கிறது என்கிறார்கள். நீ செய்து பூட்டின அந்தச் சின்னப் பெட்டியையும் காணவில்லையாம். நான் அல்லது என்னுடைய ஆட்கள் எதையோ மறைக்க வெட்டினோம் என்று சொல்லித்தான் பிணை தராமல் வைத்திருக்கிறார்கள். செத்துக்கொண்டிருந்த பிள்ளையை மடியில் வைத்திருந்தவன் எப்படி வயர் வெட்டுவது?

நான் போன பிறகு நீ அந்த இடத்தில் நின்றாய். யார் டிக்கியைத் திறந்தது? கண்டால் எழுது. நீ பூட்டின அந்தப் பின்லைற் எப்படி வேலை செய்கிறது என்றும் விபரமாக எழுது. சட்டத்தரணி கேட்கிறார். "லைற் ஆடுற சாமான்" என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அண்ணை
வாகீசன்


நயினாதீவு
12.09.2024

அன்புள்ள அண்ணைக்கு,

சுகமா என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. காற்று கடுமை. இரண்டு நாள் படகு ஓடவில்லை. எங்கள் போன் திருத்தும் கடையிலும் வேலை கூட. அதனால்தான் வரவில்லை.

லைற்றைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒஸ்ரினுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சின்னச் சிவப்புக் கண்ணாடி இருக்கிறது. ஒவ்வொன்றுக்குள்ளும் முந்தி ஒரு பல்ப்தான் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு, பக்கத்துக்கு இருபத்துநாலு சின்ன எல்ஈடி லைற்றுகளை ஒட்டினேன். கண்ணாடியை மாற்றவில்லை. வெளியில் இருந்து பார்த்தால் பழைய கார் போலவே இருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னீர்கள். அந்தக் காரில் பற்றறியின் பொசிற்றிவ்தான் பொடியில், அதாவது காரின் இரும்பு உடம்பில் பூட்டியிருக்கிறது. இந்தக் காலத்துச் சாமான் எல்லாம் அதற்கு எதிர்மாறு. நான் செய்த முதல் சர்க்கிற் போட் எரிந்ததும் அதனால்தான். இரண்டாவதைப் பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வைத்துப் பொடியில் முட்டாமல் டிக்கிக்குள் பூட்டினேன். எந்த லைற் எப்போது எரிய வேண்டும் என்று அந்தப் பெட்டிக்குள் நான் புரோகிராம் எழுதி வைத்தேன். ஸ்ரியறிங்குக்குக் கீழே இருக்கும் பட்டனை அமத்தினால் சிவப்பு நடுவில் இருந்து ஓரத்துக்கு ஓடி, விரிந்து, திரும்பி வரும். கனடாவில் இருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் வீடியோவுக்காகக் கேட்ட ஆட்டம் அதுதான்.

மற்றப்படி சாதாரண பின்லைற்றைப் போலத்தான்.

டிக்கியைப் பற்றி எனக்குத் தெரியாது. சனம் நிறைய நின்றது. நான் கவனிக்கவில்லை.

அம்மாவிடம் சவர்க்காரமும் இரண்டு சாரமும் கொடுத்து விடுகிறேன்.

நிலாந்தி


விளக்கமறியல்
21.09.2024

நிலாந்தி,

சவர்க்காரம் கிடைத்தது. உன்னை எதிர்பார்த்தேன், சவர்க்காரம் வந்தது.

பிணை திரும்பவும் மறுப்பு. இன்னும் பதினாலு நாள். ஒரு அறைக்குள் அறுபது பேர். திரும்பிப் படுக்க வேண்டும் என்றால் பக்கத்தில் கிடப்பவனும் திரும்ப வேண்டும். உடம்பு முழுக்கக் கடி.

சட்டத்தரணி ஒரு வழி சொல்கிறார். தாரிகாவின் போன் வீதியில் விழுந்து கிடந்ததைப் பலர் கண்டிருக்கிறார்கள். அவள் போனைப் பார்த்துக்கொண்டு வந்து மோதினாள் என்றால் பிழை என்னில் இருந்து இறங்கிவிடும். வயர் கதையும் பெரிதாகப் படாது. ஆனால் கண்ட சாட்சி ஒன்று வேண்டுமாம். அவள் உங்களுடைய பஸ்ஸை முந்திக்கொண்டுதான் வந்தவள். முன் சீற்றில் இருந்தது நீ.

நான் சொல்வது விளங்குகிறது என்று நினைக்கிறேன். நான் சொல்லித் தரவில்லை. நீ கண்டதைச் சொல் என்றுதான் கேட்கிறேன். யோசித்துப் பார்த்தால் கண்டது ஞாபகம் வரும்.

செத்தவளுக்கு இனி என்ன? இருக்கிற எங்களைப் பார்க்க வேண்டும். நீ தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போகிறேன் என்றபோது, பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்கு வயர் வேலை என்று கேட்ட மாமாக்களோடு சண்டை பிடித்தவன் நான். இதுவரைக்கும் உன்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.

ஐந்தாம் திகதி திரும்ப நீதிமன்றம் கொண்டுபோவார்கள். அதற்கு முதல் சட்டத்தரணியைப் போய்ப் பார்.

வாகீசன்


நயினாதீவு
01.10.2024

அண்ணை,

சட்டத்தரணியிடம் போகவென்றுதான் வெளிக்கிட்டேன். குறிகாட்டுவான் இறங்குதுறையில் படகால் இறங்கி பஸ் எடுத்தேன். பிறகு என்ன நினைத்தேனோ, சுருவிலில் இறங்கி இராசேஸ்வரி அக்கா வீட்டுக்கு நடந்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஒரு கிழமை. பந்தல் கழற்றின குழிகள் முற்றத்தில் அப்படியே கிடந்தன. அக்கா என்னைக் கண்டதும் கதிரை எடுத்துப் போட்டா. அதுதான் எனக்கு முதலில் தாங்க ஏலாமல் போனது.

"நீர் வாகீசன்ர தங்கச்சியெல்லே?"

"ஓம் அக்கா."

"பஸ்ஸுக்கு முன்னுக்கு இருந்தனீராம். ஒண்டு கேக்கவேணும். என்ர பிள்ளை போனைப் பாத்துக்கொண்டே போனவள்?"

நான் முற்றத்துக் குழிகளைப் பார்த்தேன்.

"ஊரெல்லாம் கதைக்கினம். செத்தவீட்டுக்கு வந்தவையே என்ர குசினிக்குள்ளை நிண்டு கதைச்சவை. ஆரோடையோ போனிலை கதைச்சுக்கொண்டு போனவளாம். ஆர் அந்தப் பெடியன் எண்டும் கேக்கினம். நீர் கண்டனீரோ, சொல்லும்."

"இல்லையக்கா. ரெண்டு கையும் ஹாண்டிலிலைதான் இருந்தது. நான் கண்டனான்."

அக்கா கிட்ட வந்து நிலத்தில் இருந்தா. பிறகு கேட்டா: "அப்ப ஏன் அவள் பிறேக் பிடிக்கேல்லை?"

அதற்கு மறுமொழி தெரிந்த ஆள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான், அண்ணை. ஒன்றும் சொல்லாமல் எழும்பி வந்துவிட்டேன். இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

"சாதாரண பின்லைற்றைப் போலத்தான்" என்று எழுதினேன். அது பொய். ஆட்டம் ஒருமுறை ஓடி முடிய எட்டுச் செக்கன். அந்த எட்டுச் செக்கனும் என் புரோகிராம் பிறேக் வயரைத் திரும்பியும் பார்க்காது. நீங்கள் பிறேக்கை ஏறி மிதித்தாலும் லைற் தன்பாட்டில் ஆடிக்கொண்டு நிற்கும். ஆட்டம் முடிந்த பிறகுதான் பிறேக் சிவப்பு எரியும். நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். தாரிகா கண்டது ஓடிக்கொண்டிருந்த ஒரு கலியாணக் காரின் அலங்காரத்தை. கார் நின்றுவிட்டது என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

கலியாணத்துக்கு இரண்டு நாள் முதல் எனக்கு இது தெரியும். நாரந்தனையில் எங்களுடைய வளவுக்குள் நீங்கள் பிறேக்கை மிதித்தீர்கள், நான் பின்னால் நின்றேன். கண்டேன். திருத்துவதற்கு இன்னும் ஒரு நாள் வேண்டும். நீங்கள் "முடிஞ்சுதோ?" என்று கேட்டீர்கள். உங்களுக்குப் பக்கத்தில் நாரந்தனைப் பெடியள் நாலைந்து பேர் நின்றார்கள். "என்ர தங்கச்சி செய்தது" என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு நின்றீர்கள். நான் "ஓம்" என்றேன். பிறகு உங்களைத் தனியக் கூப்பிட்டு, நிக்கேக்க மட்டும் பட்டனைப் போடுங்கோ என்றேன். ஏன் என்று கேட்டீர்கள். பற்றறி இறங்கிப்போகும் என்றேன். வேலை முடியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

வயரை வெட்டினதும் நான்தான்.

நீங்கள் ஆட்டோவில் ஏறினீர்கள். பொம்பிளை மாப்பிள்ளையை வானில் அனுப்பினார்கள். சனம் முழுக்க ஸ்கூட்டியைச் சுற்றி நின்றது. லைற்றில் ஏதும் பிழைத்தால் என்று என்னுடைய கைப்பைக்குள் குறடு கொண்டு வந்திருந்தேன். டிக்கியைத் திறந்தேன், நாலு இடத்தில் வெட்டினேன், பெட்டியைப் பைக்குள் போட்டேன். அந்தப் பிள்ளை உங்கள் மடியில் கிடந்து தாயைப் பற்றிச் சொன்ன நேரம் நான் இதைச் செய்துகொண்டிருந்திருப்பேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. யோசித்து வெட்டினேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாலாவது வயரை வெட்டும்போது யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

நீங்கள் மறியலில் இருப்பது என்னால். இரண்டு தரம் பெட்டியைக் கடலில் போட எடுத்துக்கொண்டு படகில் ஏறினேன். போட ஏலவில்லை.

நாளைக்குக் காலமை பெட்டியோடு பொலிசுக்குப் போகிறேன். இந்தக் கடிதம் உங்களிடம் வருகிறபோது சொல்லி முடித்திருப்பேன். யார் திறந்து வாசித்தாலும் வாசிக்கட்டும்.

நிலாந்தி


விளக்கமறியல்
09.10.2024

நிலாந்திக்கு,

ஒரு வார்த்தை கேட்டுச் செய்திருக்கலாம்.

இன்னும் இரண்டு தவணையில் நான் வெளியே வந்திருப்பேன். பெட்டி கடலுக்குள் கிடந்திருக்கும். இப்போது நீயும் போய் அம்மாவின் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டாய். ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு வழக்கு. அவ எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவா?

பற்றறியாம். நாற்பத்தாறு நாள் இந்தச் சீமெந்தில் கிடந்து, யார் வெட்டியிருப்பான், யாருக்கு என்னில் கோபம் என்று ஒவ்வொரு முகமாக எண்ணிப் பார்த்தேன். ஊரில் ஒருவரையும் மிச்சம் விடவில்லை. உன் முகம் மட்டும் வரவில்லை.

என்னைப் பார்க்க வராதே. எழுதவும் வேண்டாம்.

வாகீசன்


நயினாதீவு
24.10.2024

அண்ணை,

எழுத வேண்டாம் என்றீர்கள். வழக்கில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காக மட்டும் எழுதுகிறேன்.

இரண்டாம் திகதி வாக்குமூலம் கொடுத்தேன். அன்றைக்கே என்னைப் பிடித்து வைத்துவிட்டார்கள். மற்ற நாள் இரண்டு ஆள் பிணையில் விட்டார்கள். என் மனிசன் சுஜிதன்தான் ஆட்களைத் தேடிப் பிடித்தார். அவர் என்னோடு கதைக்கிறார், ஆனால் முகத்தைப் பார்த்துக் கதைப்பதில்லை. கடைக்குச் சனம் வருவதில்லை. போன் திருத்தக் கொடுத்திருந்தவர்களும் திருத்தாமலே வாங்கிக்கொண்டு போனார்கள்.

போன கிழமை பொலிஸ் வளவில் வைத்துப் பெட்டியைத் திரும்பவும் காரில் பூட்டச் சொன்னார்கள். நான்தான் பூட்டினேன். வாகனம் பரிசோதிக்கிறவர் உள்ளே ஏறி இருந்தார். பின்னால் இன்ஸ்பெக்டரும் நானும். பட்டனை அமத்தினார், லைற் ஆடத் தொடங்கியது. "இப்ப பிறேக்" என்றார் இன்ஸ்பெக்டர். பெடல் கீழே போகும் சத்தம் கேட்டது. லைற் ஆடிக்கொண்டே நின்றது. இன்ஸ்பெக்டர் வாய்விட்டு எண்ணினார். நல்ல வெயில், ஆனாலும் வடிவாகத் தெரிந்தது. வேலை எவ்வளவு நேர்த்தியாக வந்திருக்கிறது என்று ஒரு கணம் நினைத்தேன். அதை நினைத்ததற்கு என்னை நானே மன்னிக்க மாட்டேன்.

அங்கிருந்து நேரே சுருவிலுக்குப் போனேன். இராசேஸ்வரி அக்கா படலையடியில் நின்றா. இந்தமுறை உள்ளே கூப்பிடவில்லை. முழுக்கச் சொன்னேன். புரோகிராம் என்றால் என்ன என்று கேட்டா. அதையும் சொன்னேன்.

"எட்டுச் செக்கனோ?"

"ஓம் அக்கா."

"அதுக்குள்ளை ஸ்கூட்டி எவ்வளவு தூரம் போகும்?"

"நூறு மீற்றருக்கு மேலை."

அக்கா ஒழுங்கையைப் பார்த்தா. அவ்வளவு தூரம் எதுவரைக்கும் வரும் என்று கண்ணால் அளக்கிறா என்று எனக்கு விளங்கியது. மதகடி வரைக்கும் பார்த்துவிட்டுத் திரும்பினா.

"நீர் போன தரம் வந்து கதிரையிலை இருந்தனீர். அப்ப சொல்லேல்லை."

"ஓம்."

"இப்ப சொல்லிப்போட்டீர். இனிப் போம். இந்தப் பக்கம் வரவேண்டாம்."

படலையைச் சாத்தி, கயிற்றால் கட்டினா. பகலில் அந்தப் படலையை யாரும் கட்டுவதில்லை.

வயர் விசயம் உங்களில் இல்லை என்று ஆகிவிட்டதால் அடுத்த தவணையில் உங்களுக்குப் பிணை கிடைக்கும் என்கிறார்கள். அது கிடைத்தால் போதும்.

நிலாந்தி


நாரந்தனை
18.12.2024

நிலாந்தி,

நான் வெளியே வந்து ஒரு மாதமாகிறது. நீ நயினாதீவில், நான் இங்கே. நடுவில் அரைமணி நேரப் படகுதான். மூன்று தரம் குறிகாட்டுவான் வரைக்கும் வந்து திரும்பிவிட்டேன். போனில் உன் பெயரை எடுத்து வைத்துக்கொண்டு இருந்துவிட்டு மூடிவிடுவேன். நான் சொல்லப்போவதை உன் குரலைக் கேட்டுக்கொண்டு சொல்ல ஏலாது. எழுதுகிறேன்.

அன்றைக்குக் காலமை மண்டபத்துக்குக் கார் கொண்டுபோகும்போது, வேலணையில் பட்டனை அமத்தினேன். நீ நிற்கும்போது மட்டும் என்று சொன்னாய். புதுச் சாமான், ஆசை. றோட்டுக் கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். வங்களாவடிச் சந்தியில் பிறேக் பிடித்தேன். பின்னால் வந்த லொறி கீச்சிட்டு நின்றது. அந்த மனிசன் இறங்கி வந்து என் கண்ணாடியில் தட்டினார்.

"தம்பி, உன்ர பின்லைற் பேய்க்கூத்து ஆடுது. பிறேக் பிடிச்சது ஒண்டும் தெரியேல்லை. மயிரிழையிலை தப்பினனான். கழட்டிப் போட்டு ஓடு."

நான் சிரித்தேன். "கலியாணக் கார் அண்ணை" என்றேன்.

ஆகவே எனக்குத் தெரியும், நிலாந்தி. பின்னேரம் பண்ணையில் மாப்பிள்ளை "போடுங்கோ அண்ணை, ட்ரோன் வரப்போகுது" என்றபோது, லொறிக்காரர் சொன்னது தலைக்குள் இருந்தது. ஒரு நிமிசம்தானே என்று போட்டேன். நீ சொன்ன பற்றறிப் பொய் என்னை ஏமாற்றவில்லை. அந்தப் பொய் இல்லாவிட்டாலும் இருந்தாலும் எனக்குக் காலமை ஒன்பது மணிக்கே உண்மை தெரியும். மறியலில் இருந்து உன்னைத் திட்டி எழுதினபோதும் தெரியும். தாரிகாவின் கையில் போனை வைக்கச் சொல்லி உன்னிடம் கேட்டபோதும் தெரியும்.

சட்டத்தரணி சந்தோசமாக இருக்கிறார். எல்லாம் தங்கச்சியின் புரோகிராமில் வந்த பிழை, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால் தண்டப்பணத்தோடு போய்விடுமாம். லொறிக்காரரைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அம்மா கனநேரம் அழுதுவிட்டு, "ஒரு பிள்ளையாவது வீட்டிலை இருக்கட்டும்" என்றா. எந்தப் பிள்ளை என்று சொல்லவில்லை. சொல்லாமலே எனக்கு விளங்கியது.

பெப்ரவரியில் வழக்கு. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. நான் உன்னைப் போல இல்லை. அந்த அறுபது பேர் கிடந்த அறையை நினைத்து இப்போதும் ஒரு பக்கமாகவே படுக்கிறேன்.

இந்தக் கடிதத்தை யாரும் திறக்க மாட்டார்கள். நீ வைத்திருந்தாலும் சரி, கிழித்தாலும் சரி. பொலிசுக்குக் கொடுத்தாலும் குறை சொல்ல மாட்டேன்.

அண்ணை


நயினாதீவு
03.03.2025

அன்புள்ள அண்ணைக்கு,

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு வருகிறேன். அம்மா என்னோடு கதைக்கத் தொடங்கவில்லை. ஆனால் ஒரே பஸ்ஸில் வருவதற்கு ஓம் என்றிருக்கிறா. கடி மருந்து, துவாய், நீங்கள் கேட்ட செருப்பு எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன்.

உங்களுடைய கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. அதை நீங்களாகத்தான் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். சொல்ல மாட்டீர்கள் என்றும் நினைத்தேன். வியாழக்கிழமை நீங்கள் கூண்டுக்குள் எழும்பி "ஐயா, எனக்குக் காலமையே தெரியும்" என்றபோது, சட்டத்தரணி உங்களைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். நீங்கள் பார்க்கவில்லை. நல்லது. லொறிக்காரர் சொன்னதை அப்படியே, "பேய்க்கூத்து" என்ற சொல்லைக்கூட விடாமல் சொன்னீர்கள். சட்டத்தரணி இடையில் எழும்பியும் நீங்கள் நிறுத்தவில்லை.

உங்களுக்கு ஒரு வருசம் என்று வாசித்தார்கள். எனக்கும் தீர்ப்பு வந்தது, ஆனால் ஒத்திவைத்த சிறை. நானே பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்ததற்காக. வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். உங்களைப் பக்கத்துக் கதவால் கொண்டுபோகும்போது நான் திரும்ப வந்து வாங்கில் இருந்தேன். நான் செய்த சாமானுக்கு நீங்கள் உள்ளே போகிறீர்கள். இது சரியா பிழையா என்று இனி ஒவ்வொரு நாளும் யோசிப்பேன்.

நீங்கள் போன பிறகு நடந்ததை ஞாயிறு நேரில் சொல்ல எனக்கு ஏலாது. அதனால் எழுதுகிறேன்.

தீர்ப்பின் மிச்சத்தை வாசித்துக்கொண்டிருந்தார்கள். உயிரிழந்த தாரிகா மீது எந்தத் தவறும் இல்லை, அவர் உரிய வேகத்தில், இரு கைகளாலும் வாகனத்தைச் செலுத்தி வந்தார், தொலைபேசி மோதலின்போதே பையில் இருந்து விழுந்தது என்று ஒரு இடம் வந்தது. வாசித்தவர் வேகமாக வாசித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். மதியச் சாப்பாட்டு நேரம், சனம் எழும்பத் தொடங்கிவிட்டது.

கடைசி வாங்கில் இருந்து இராசேஸ்வரி அக்கா எழும்பினா.

"ஐயா, அதை இன்னொருக்கா வாசியுங்கோ."

பொலிஸ்காரர் ஒருவர் இருக்கச் சொல்லிக் கை காட்டினார். அக்கா இருக்கவில்லை. நீதவான் நிமிர்ந்து பார்த்தார். எதை அம்மா என்று கேட்டார்.

"என்ர பிள்ளையைப் பற்றி வாசிச்சதை. கொஞ்சம் பெலத்து வாசியுங்கோ. இவையளுக்கும் கேக்கட்டும்."

சுருவிலில் இருந்து வந்த சனம் அந்த வாங்குகளில் இருந்தது. செத்தவீட்டில் குசினிக்குள் நின்று கதைத்தவர்களும் இருந்திருப்பார்கள். நீதவான் தலையாட்டினார். திரும்பவும் வாசித்தார்கள், பெலத்து, ஆறுதலாக. எழும்பினவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

அக்கா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே நடந்தா. எனக்குப் பக்கத்தால்தான் போனா. என்னைப் பார்க்கவில்லை. பஸ் தரிப்பிடம் வரைக்கும் நான் தூரமாகப் பின்னால் போனேன். நல்ல வெயில், குடை பிடிக்கவில்லை. கிட்டப் போகப் பயமாக இருந்தது, ஆனால் காற்று என் பக்கம் அடித்தது. "ரெண்டு கையாலையும்" என்று அக்கா தனக்குள்ளே சொல்லிக்கொண்டு போனா. "ரெண்டு கையாலையும் ஓடினவள்."

நிலாந்தி